நாலேகால் மணிக்குப் பிறகு

பாம்பன் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் தீவுக்கு வருகிற யாத்திரிகர்கள், கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, தனுஷ்கோடிக்குப் போய் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் கூடும் இடத்தைக் கண்டு, திரும்பும் வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவகத்தில் சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டு, அன்றிரவோ மறுநாள் காலையோ ரயிலேறிவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத ராமேஸ்வரம் ஒன்று இருக்கிறது. மாலை நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்ததும் அது தொடங்குகிறது. கடலுக்குப் போன தகப்பனோ, கருவாட்டுக் களத்துக்கோ இறால் கம்பெனிக்கோ போன தாயோ வீடு திரும்பிக் கதவைத் திறக்கும் வரையில் அது நீடிக்கிறது. பதின்மூன்று முதல் பதினெட்டுப் பிராயம் வரையுள்ள பிள்ளைகளின் ராஜ்யம் அது. அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடந்த சில வருஷங்களாக இந்தத் தீவில், அன்பர்களின் நன்கொடையைக் கொண்டே நடக்கும் ஒரு மாலை நிலையத்தின் நிர்வாகத்தில் எனக்கும் சிறு பங்கு உண்டு. அதன் பெயரையும் அது இருக்கும் தெருவையும் நான் இங்கே எழுதவில்லை. அங்கே வருகிற பிள்ளைகள் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று ஊரார் அடையாளம் கண்டுகொள்ளும்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். சிற்றூரில், அதிலும் நாற்புறமும் நீர் சூழ்ந்த ஒரு தீவில், யாருக்கு யார் உபகாரம் செய்தார்கள் என்ற செய்தி வீட்டுக்கு வீடு நடந்து போகும். அந்தச் செய்தியின் பாரம் கொடுத்தவர் மீது விழுவதில்லை, வாங்கிய பிள்ளையின் மீதுதான் விழுகிறது.

இந்தத் தீவின் வாழ்க்கை கடலின் கால அட்டவணைப்படி நடப்பது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் அனுமதிச் சீட்டு பெற்றுக் கொண்டு கடலுக்குப் போகும். காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை சேரும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வேறு நாட்கள், வேறு நேரம். ஓலைக்குடா, பாம்பன் கரைகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் அலை வாங்கும் நேரம் பார்த்து இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். ஆகவே பள்ளி விட்டு வரும் பிள்ளையை எதிர்கொள்ள வீட்டில் பெரும்பாலும் ஒரு பாட்டியோ, பூட்டிய கதவோதான் இருக்கும். பையன்கள் துறைமுகப் பக்கம் போய் வலை பின்னும் இடத்தில் உட்காருகிறார்கள். சிலர் சன்னதித் தெருவில் சங்கு மாலையும் சோழி வளையும் விற்கப் போகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் காலங்களில் அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி ஒரு பதினைந்து வயதுப் பையனின் கண்ணுக்குப் பெரிய சம்பத்தாகவே தோன்றும். பெண் பிள்ளைகளோ தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையரைப் பார்த்து, அடுப்பு மூட்டி, எஞ்சிய நேரம் இருந்தால் புத்தகத்தைத் திறக்கிறார்கள். கடல் அட்டையும் பீடி இலையும் கஞ்சாவும் கடத்துவோர் பிடிபட்டார்கள் என்ற செய்தி அடிக்கடி வருகிற கரை இது என்பதையும், அந்தத் தொழிலுக்கு இளங்கால்களும் இளங்கைகளும் வேண்டியிருக்கின்றன என்பதையும் பெற்றோர் அறிவார்கள், அறிந்து அஞ்சுகிறார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். பள்ளியில் கட்டணம் இல்லை. புத்தகம் உண்டு, பதினோராம் வகுப்பில் சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைத்து வருகிறது. அதன் பலனை எங்கள் நிலையத்திலேயே கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆயினும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான் பேசுகிறது. 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வேளையில் தன்னார்வலர்களைக் கொண்டு பாடம் சொல்லித் தந்த அருமையான முயற்சி. அதுவும் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைதான். எட்டு முடிந்து ஒன்பதில் காலெடுத்து வைக்கும் பிள்ளை, தான் வளர்ந்துவிட்டதாக எல்லோராலும் எண்ணப்பட்டு, மாலை வேளையில் தனியே விடப்படுகிறான். உண்மையில் அவனுக்கு ஒரு பெரியவரின் துணை மிகவும் அவசியமாகும் பருவம் அப்போதுதான் பிறக்கிறது.

கலாம் தம் இளமையைப் பற்றி எழுதியவற்றைச் சிரத்தையோடு வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். 1931-இல் மசூதித் தெருவில் பிறந்த அந்தப் பையனை உருவாக்கியது பள்ளிக்கூடத்தின் மணிகளுக்கு உட்பட்ட நேரம் மாத்திரம் அன்று. வருஷத்துக்கு ஐந்தே மாணவர்களைத் தேர்ந்து காசு வாங்காமல் கணிதம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து நீராடிவிட்டு வராத பையனுக்கு அவர் வீட்டில் இடமில்லை. பழைய தேசபக்தரான எஸ்.டி.ஆர். மாணிக்கம் தம் வீட்டுப் புத்தகங்களை அந்தச் சிறுவனுக்குத் தாராளமாகக் கொடுத்தார். பதினைந்து வயது மூத்தவரான ஜலாலுதீன் மாலை தோறும் அவனோடு நடந்து உலக விஷயங்களைப் பேசினார். உறவினர் சம்சுதீன், யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையைத் தந்து, முதல் சம்பாத்தியத்தின் பெருமிதத்தை அவனுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னால் சென்னையில் பொறியியல் படிக்கப் பணம் இல்லாத வேளையில் அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கணிதம் ஒருவர், புத்தகம் ஒருவர், உரையாடல் ஒருவர், கௌரவமான வேலை ஒருவர், பணம் ஒருவர் என்று ஆளுக்கு ஒன்றாகத் தந்து, பெயர்ப் பலகை இல்லாத மாலை நிலையம் ஒன்றை இந்தத் தீவு அந்நாளிலேயே நடத்தியிருக்கிறது.

நினைவகத்துக்கு வருவோர் கலாமின் ராக்கெட்டுகளைக் காண்கிறார்கள். அந்த ஐந்து பேரையும் நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஏக்கம் உண்டு. இன்றைக்கு ஜலாலுதீன்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். மாணிக்கங்களின் வீட்டுப் புத்தக அலமாரி இருந்த இடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. கணித ஆசிரியர்கள் டியூஷன் நடத்துகிறார்கள், கட்டணம் கட்ட முடிந்தவன் போகிறான். தீவு தானாகச் செய்து வந்ததை இப்போது ஒரு கூரையும் ஒரு கணக்குப் புத்தகமும் வைத்துக்கொண்டு பிரயத்தனப்பட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் நிலையம் என்பது ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீண்ட கூடமும் அதை ஒட்டிய ஒரு சிறிய அறையும்தான். நாலரை மணிக்குத் திறக்கிறோம். முதல் அரை மணி நேரம் யாரும் பாடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சுண்டலும் தேநீரும்; வெளியே வாலிபால் வலை; உள்ளே இரண்டு கேரம் பலகைகள். ஐந்து மணிக்குப் பிறகு அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது எடுக்காமலும் இருக்கலாம். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பளத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பழைய மாணவர்கள் விடுமுறையில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். படிப்பு வராத பையன் ஒருவன் ஒரு வருஷம் முழுவதும் கேரம் மாத்திரம் ஆடிவிட்டுப் போனான். இதற்கா நன்கொடை என்று கேட்டவர் உண்டு. இதற்கும்தான் என்று பதில் சொன்னேன். அடுத்த வருஷம் அவனே ஒரு நாள் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் படிப்புக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்து நின்றான். அந்த உதவியைக் கேட்கத் தகுந்த இடம் ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்ததே அந்த ஒரு வருஷக் கேரம் ஆட்டத்தின் பலன்.

எட்டரை மணிக்கு மூடுகிறோம். பெண் பிள்ளைகளைத் தெருத் தெருவாகச் சேர்த்து, எங்கள் அக்கா ஒருவர் கூடவே நடந்து அவரவர் வாசலில் விட்டுவிட்டு வருகிறார். இந்த ஒரு காரியத்தை நிறுத்தினால் அடுத்த வாரமே பெண்கள் வருகை பாதியாகும் என்பதை அனுபவத்தில் கண்டோம். பாடத் திட்டம், கணினி, நூலகம் இவற்றையெல்லாம்விட ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரவழைப்பது இந்த நடைத்துணையும், உள்ளே தாழிட்டுக்கொள்ளக்கூடிய சுத்தமான ஒரு கழிப்பறையும்தான்.

கட்டடத்துக்குக் கொடுப்பார், விளக்குக்குக் கொடார்

இனிப் பணத்தின் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் போதாமல் மூடப்படுவதில்லை, எட்டாவது மாதத்து மின் கட்டணத்துக்கு வழியில்லாமல்தான் மூடப்படுகின்றன.

நம் ஜனங்கள் தர்ம சிந்தனையில் குறைந்தவர்கள் அல்லர். கட்டடம் கட்டுகிறோம் என்றால் பணம் வரும்; கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். கணினி வாங்குகிறோம் என்றால் வரும். மேசை நாற்காலிக்கு வரும். பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை என்றால் கேட்காமலே வரும். கணித ஆசிரியருக்கு ஜூலை மாதச் சம்பளம் என்றால் வராது. தேநீருக்குச் சர்க்கரை, இரவுக் காவலருக்குக் கூலி, கழிப்பறை கழுவுபவருக்குச் சம்பளம், ஓடு மாற்றும் செலவு என்றால் கேட்பதற்கே நாக்கு கூசுகிறது. லாபம் ஈட்டும் பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்திருக்கிறது. அந்தப் பணமும் எண்ணிக் காட்டக்கூடிய பொருளையே பெரிதும் நாடுகிறது. ஒரு பையன் ஒரு மாலையில் கெட்ட வழிக்குப் போகாமல் இருந்தான் என்பதை எந்த அறிக்கையில் எப்படி எண்ணிக் காட்டுவது?

கணினி என்றேன், அதிலும் தீவுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பல வருஷம் உழைக்கும் கணினிப் பெட்டி இங்கே சீக்கிரமே உள்ளே பச்சை பூத்து நின்றுவிடும். மின்விசிறியின் இறக்கை துருவேறி உதிரும். இரும்பு பீரோவின் கதவு கீலோடு கையில் வரும். நூல்களுக்கு மர அலமாரியே உத்தமம் என்பதை இரண்டு இரும்பு அலமாரிகளை இழந்த பின்பே கற்றோம். வாடைக் காற்றோடு மழை வரும் மாதங்களில் புத்தகங்களை வெயில் கண்ட நேரமெல்லாம் வெளியே எடுத்து விரிக்க வேண்டும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எங்கள் நூலகத்தின் கீழ்த் தட்டுகளில் இருந்தவை எல்லாம் கூழாகிவிட்டன. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று மேல் தட்டுகளைக் காப்பாற்றினார்கள். புதிய நூல்கள் தர முன்வந்தவர்கள் பலர். கூடத்தின் தரையை ஓரடி உயர்த்தித் தர ஒருவர்தான் முன்வந்தார். அவரை நான் மறக்க மாட்டேன்.

நன்கொடை தருவோருக்கு அரசாங்கம் காட்டி வந்த வரிச் சலுகையின் கவர்ச்சியும் இப்போது குறைந்துவிட்டது. 80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு என்பது பலருக்குத் தெரியும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு இல்லை என்பது சிலருக்குத்தான் தெரியும்; இப்போது பெரும்பாலான மாதச் சம்பளக்காரர்கள் மாறிவிட்ட புதிய வரி முறையில் அந்தக் கழிவுக்கே இடமில்லை என்பது இன்னும் சிலருக்குத்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்து உதவ விரும்புவோர் விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அந்நிய நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர் அனுப்பினாலோ, மத்திய அரசின் தனி அனுமதியும் டெல்லியில் குறிப்பிட்ட ஒரே வங்கிக் கிளையில் கணக்கும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஆசையோடு அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பும்போது ஏற்படும் மனஸ்தாபத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனாலும் திருப்பத்தான் வேண்டும். கணக்கில் ஒரு கறை விழுந்தால் அது நிலையத்தின் மீது மட்டும் படிவதில்லை. அங்கே வரும் ஒவ்வொரு பிள்ளையின் மாலைப் பொழுதின் மீதும் படிகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு என் மனம் ஒரு பழைய முறையின் மேல் போய் நிற்கிறது. விருதுநகரில் காமராஜர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது என்பதை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். வீடு தோறும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணம் பள்ளிக்குப் போகும். பிடி அரிசி கொடுத்த எந்த அம்மாளின் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அந்தப் பிடி நின்றதில்லை. பின்னாளில் அதே காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியதும், நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையின் தலைமையில் இருந்து 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்து மக்கள் கரும்பலகையும் மணியும் குடமும் கொண்டுவந்து குவித்ததும் அந்தப் பிடி அரிசியின் நீட்சியே என்று நான் கருதுகிறேன். பெரிய கொடை ஒருமுறை வரும். சிறிய பிடி தினமும் வரும். மாலை நிலையம் தினமும் திறக்க வேண்டிய ஒன்று.

ஆகவே நாங்கள் பெரிய தொகை கேட்பதைக் குறைத்துக்கொண்டு, மாதம் நூறு, இருநூறு என்று நிறுத்தாமல் தருகிறவர்களைத் தேடத் தொடங்கினோம். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பிறந்து வெளியூர்களில் உத்தியோகம் பார்ப்பவர்களே முதலில் சேர்ந்தார்கள். பிறகு உள்ளூர்க்காரர்கள் சேர்ந்தார்கள். ஒரு படகுச் சொந்தக்காரர், பிடித்து வந்த மீனில் கோயிலுக்கென்று எடுத்துவைக்கும் வழக்கத்தை நினைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு நாள் ஏலத்தில் கிடைக்கும் தொகையிலிருந்து ஒரு பங்கை எங்களுக்கு ஒதுக்கினார். தீவின் பணம் தீவின் பிள்ளைகளுக்கே வந்து சேர்ந்த அந்த முதல் நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தக் கம்பெனியின் காசோலையும் தந்ததில்லை.

பதினைந்து வயதின் அபிமானம்

சிறு குழந்தைகளுக்கு உதவுவதும் இளைஞர்களுக்கு உதவுவதும் ஒன்றல்ல. ஆறு வயதுக் குழந்தையின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்தால் அது சிரிக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். தனக்குத் தரப்படுவது தர்மம் என்பதும், அதைத் தருபவர் பார்க்கப்படுகிறார் என்பதும், தானும் பார்க்கப்படுகிறோம் என்பதும் அதற்குத் தெரியும். இந்த வித்தியாசத்தை உணராமல் நடத்தப்படும் நிலையத்துக்கு அந்தப் பிராயத்துப் பிள்ளைகள் இரண்டு வாரம் வருவார்கள், பிறகு வரமாட்டார்கள்.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் நோட்டுப் புத்தகங்களும் பைகளும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நல்லவர்கள்தான். தங்கள் பெயர் எழுதிய துணிப் பதாகையின் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு படம் வேண்டும் என்றார்கள். கடைசி வரிசையில் நின்ற ஒரு பத்தாம் வகுப்புப் பெண் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டதைக் கண்டேன். படம் வேண்டாம் என்று பணிவாகச் சொன்னேன். அவர்கள் பைகளைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அடுத்த வருஷம் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. செய்ததில் தவறு இருப்பதாக இன்றும் எண்ணவில்லை. அன்று முதல் பிள்ளைகளின் படம் எடுப்பதில்லை என்பது எங்கள் நிலையத்தின் சட்டமாயிற்று. நன்கொடையாளர் யாரானாலும் எந்தப் பிள்ளையோடும் தனியே இருக்கலாகாது, எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் கூடத்தில் இருக்க வேண்டும், தவறு ஒன்று காதில் விழுந்தால் 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்வது நம் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கடமை என்ற விதிகளும் அதனோடு சேர்ந்துகொண்டன.

வாங்குகிறோம் என்ற கூச்சத்தைப் போக்க நாங்கள் கண்ட உபாயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, அந்த மாதத்து வரவையும் செலவையும் கரும்பலகையில் எழுதுகிறோம், எழுதுகிறவர்கள் பிள்ளைகளே. பதினோராம் வகுப்பில் வணிகவியல் எடுத்த ஒரு பெண் அதற்குப் பொறுப்பு. தேநீருக்கு எவ்வளவு, ஆசிரியருக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகு, ஒருநாள் பிள்ளைகளே கூடிப் பேசி, வெளிச்சம் இருக்கும் வரையில் உள் விளக்குகளைப் போடுவதில்லை என்று தீர்மானம் செய்தார்கள். கணக்கைக் காட்டாமல் சிக்கனத்தைப் போதித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கணக்கைப் பார்த்தவனுக்கு அந்த இடம் தன்னுடையதாகிவிடுகிறது. அறக்கட்டளைகள் தம் கணக்கை வருமான வரி அலுவலகத்துக்கு வருஷத்துக்கொரு முறை காட்டுவது போதும் என்று நினைப்பது தவறு. முதலில் காட்ட வேண்டியது யாருக்காக அந்தப் பணம் வந்ததோ அவர்களுக்குத்தான்.

கடல் அழைக்கும்போது

எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே கடலின் நிலைமையைச் சொல்லிவிடலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாட்களில் கூடம் நிரம்பி வழியும். தகப்பன்மார் கரையில் இருப்பார்கள், வீட்டில் இடநெருக்கடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையானதும் இந்தத் தீவில் வெறும் சரித்திரம் அல்ல. பாட்டிமார் இன்றும் கூண்டின் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பேரப்பிள்ளையை வெளியே அனுப்புகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக் காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலம் இல்லை, ஆகவே உள்ளூர் நன்கொடையும் இல்லை. பள்ளி விடுமுறையும் அந்தக் காலத்திலேயே வருவதால் பிள்ளைகளோ நாள் முழுவதும் வருகிறார்கள். வரவு குறைந்து தேவை மிகும் இந்த இரண்டு மாதங்களைத் தாண்டுவதுதான் எங்கள் வருஷாந்தரப் பரீட்சை. வெளியூர் அன்பர்களின் சிறு தொகைகள் இல்லாமற் போயிருந்தால் இரண்டாவது வருஷத்து மே மாதத்திலேயே கதவைச் சாத்தியிருப்போம்.

இவற்றை எல்லாம்விடக் கடினமான காலம் வேறு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போன செய்தி காலையில் வரும். அன்று மாலை ஒரு பையன் கூடத்துக்கு வந்து, புத்தகத்தைத் திறக்காமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆள் சில வாரங்களிலோ மாதங்களிலோ விடுதலையாகி வந்துவிடலாம். படகு திரும்பி வருவது அரிது. படகு போனால் கடன் நிற்கும்; கடன் நின்றால் வீட்டில் அடுத்த ஆண்பிள்ளை யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றான். நன்றாகப் படிக்கிறவன், வேதியியலில் அவனுக்கு இருந்த ஈடுபாடு எனக்கே ஆச்சரியமாக இருக்கும். நானும் ஆசிரியரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தாயார் வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, தம்முடைய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சார், அவன் படிக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். இத்தனை நாளா ராத்திரி எட்டரை மணி வரைக்கும் எம் புள்ளை எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது. அது போதும்னு நிம்மதியா இருந்தேன். இனிமே அவன் எங்க இருக்கான்னு கடலுக்குத்தான் தெரியும்.”

எங்களால் அந்தக் கடனைத் தீர்க்க முடியவில்லை. நிலையத்தின் பணம் அதற்கானதும் அன்று. அந்தப் பையன் கடலுக்குப் போனான். மாதத்தில் கடல் வேலை இல்லாத நாட்களில் மாலையில் நிலையத்துக்கு வருவதை மட்டும் அவன் விடவில்லை. பின்புற அறையில் உட்கார்ந்து தனித் தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தான். சில மாலைகளில் தூக்கம் மேலிட்டுப் புத்தகத்தின் மீதே தலையைச் சாய்த்துவிடுவான், யாரும் எழுப்புவதில்லை. இரண்டாவது முறை எழுதித் தேறினான். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். சனிக்கிழமைகளில் வந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறான். பஸ் கட்டணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறான்.

இதை வாசிக்கிறவர்கள் ராமேஸ்வரத்துக்கே பணம் அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆகையால்தான் முகவரியும் தரவில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலும், அது தீவாக இல்லாவிட்டாலும், நாலேகால் மணிக்குப் பள்ளி விடும்; பூட்டிய வீட்டு வாசலில் சில பிள்ளைகள் பையை வைத்துவிட்டு எங்கேயாவது போவார்கள். அங்கே யாராவது ஒருவர் ஒரு கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருப்பார். அவரைத் தேடிப் போய், கணக்கைக் கேட்டுப் பார்த்து, திருப்தியாக இருந்தால் மாதம் நூறு ரூபாய் கொடுங்கள். மின் கட்டணத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். மே மாதத்திலும் நிறுத்தாமல் கொடுங்கள்.